போலிஷ் நீளப் பெயரடைகளுக்கு அட்டைப் பட்டை: அழுத்தம் கடைசியில் வாலில்தான் இருந்தது

போலிஷின் நீளப் பெயரடைகளில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்று பழக நான் செய்த அட்டையில், கடைசியில் வேலை செய்யும் வடிவம் இதுதான்: 160 கிராம் அட்டையில் வெட்டிய நீளப் பட்டை, அசை ஒன்றுக்கு 2 செ.மீ., வலது ஓரத்தில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு வால், அதாவது சொல்லின் விகுதி. வால் வெள்ளையாக இருந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம், சிவப்பாக இருந்தால் வாலின் முதல் அசையிலேயே அழுத்தம். அவ்வளவுதான். இந்த இரண்டு வரிக்கு வந்து சேர நான் ஒரு பைத்தான் நிரல் எழுதி, அதைப் பாதி தூக்கிப் போட்டு, ஒரு மைக் வாங்கி, பக்கத்து வீட்டு அம்மாவின் மாலை நேரங்களைக் கெடுத்து, நிறைய அட்டையையும் வீணாக்கினேன். இதே வேலையை வேறு யாராவது தொடங்கப் போகிறீர்கள் என்றால் நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது போலந்தின் வ்ரொத்ஸ்வாவில். கடை, டிராம், அலுவலகம் அளவுக்குப் போலிஷ் ஓடுகிறது. மாட்டுவது நீளமான கூட்டுப் பெயரடைகளில். வானிலை அறிக்கையில் "தென்மேற்கு" என்று ஒரு சொல் வரும், ஏழு அசை. கேட்டால் புரியும், வாயைத் திறந்தால் சொல்லின் தொடக்கத்திலேயே ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு மீதியை மூச்சில்லாமல் உருட்டுவேன். தமிழ் பேசும் வாய்க்குச் சொல்லின் தலையில் எடை வைப்பது பழக்கம், போலிஷ்காரர்களோ கடைசிக்கு முந்தைய அசையில் வைக்கிறார்கள். விதி என்னவோ ஒரு வரிதான். ஆனால் பதின்மூன்று அசைச் சொல்லில் கடைசிக்கு முந்தையது எது என்று பேசும்போதே கண்டுபிடிப்பது எப்படி?

போலிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன், அது தோராயம்தான், மன்னியுங்கள். நடுக்கோடு அசை எல்லை. சதுர அடைப்பு முதன்மை அழுத்தம். லத்தீன் எழுத்துகளை நம் பள்ளிக்கூடப் பெயரிலேயே ஏ, ஈ, ஐ என்று சொல்கிறேன். இன்னொன்று, அசை என்றதும் யாப்பு படித்தவர்களுக்கு நேரும் நிரையும் ஞாபகம் வரும், அதை ஓரமாக வையுங்கள். "நிலா" யாப்பில் ஒரே அசை, இங்கே இரண்டு. ஒலிக்கும் உயிர் ஒன்று, அசை ஒன்று.

முதல் வேலை சொல் பட்டியல். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, 1999-இல் போலந்து 16 மாகாணங்களாக மாற்றி அமைக்கப்பட்டது, அவற்றில் ஏழின் பெயர் கூட்டுப் பெயரடை. எங்கள் டொல்-நொ-[ஷ்லொன்]-ஸ்க்யே, அப்புறம் ம-வொ-[பொல்]-ஸ்க்யே, வ்யெல்-கொ-[பொல்]-ஸ்க்யே, ஷ்ஃப்யென்-தொ-[க்ஷி]-ஸ்க்யே, இந்த நான்கும் நான்கு அசை. கு-யஃப்-ஸ்கொ-பொ-[மொர்]-ஸ்க்யே, வர்-மிஞ்-ஸ்கொ-ம-[ஸுர்]-ஸ்க்யே, ஸ-ஹொட்-ஞொ-பொ-[மொர்]-ஸ்க்யே, இந்த மூன்றும் ஆறு. செய்தியில், ரயில் நிலையத்தில், விண்ணப்பப் படிவத்தில் தினமும் கண்ணில் படுகிற பெயர்கள் என்பதால் பயிற்சிக்கு நல்லது. கூடவே வானிலைத் திசைகள், "இருபத்தைந்து வயதான" வகை எண் சொற்கள், "மத்திய ஐரோப்பிய", "மத்தியதரைக் கடல்சார்", "மக்கள் அறிவியல்சார்" மாதிரி சிலவற்றைச் சேர்த்தேன். சோதனைக்கு ஒரு பூதமும் வேண்டும் என்று "999 வயதான" என்ற சொல்லையும் போட்டேன். ஒரே சொல், 44 எழுத்து.

அடுத்து அசை பிரிப்பு. புதிதாக எதற்கு எழுத வேண்டும், வரி உடைப்பு நூலகம் ஒன்று பைத்தானில் இருக்கிறதே என்று அதை எடுத்தேன். இந்த நூலகங்கள் எல்லாம் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் வழி வந்த எழுத்துக் கோலங்களை வைத்து வேலை செய்பவை. பத்தியின் ஓரத்தில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதுதான் அவற்றின் கவலை, அசை எத்தனை என்பது இல்லை. அதனால் தொடக்கத்திலோ முடிவிலோ ஒற்றை எழுத்தைத் தனியாக விடாது. "எட்டு வயதான" என்பது ஒ-ஷ்மியொ-[லெத்]-ஞி. முதல் அசை வெறும் ஓ, ஒற்றை எழுத்து. வரி ஓரத்தில் ஒற்றை ஓவைத் தொங்கவிட யாருக்கும் மனசு வராது, ஆகவே அந்த இடத்தில் வெட்டே கிடையாது, நான்கு அசைச் சொல் மூன்றாக வந்து நிற்கும். பட்டையில் அசைக்கு 2 செ.மீ. என்று கணக்குப் போட்டிருந்ததால் முதல் அச்சிலேயே அகலங்கள் கோணிக்கொண்டன. நூலகத்தின் மேல் குற்றமில்லை, அதற்குச் சம்பந்தமில்லாத வேலையைக் கொடுத்தது நான்.

சரி, உயிரெழுத்தை நாமே எண்ணுவோம். போலிஷ் எழுத்துகள் 32, உயிர் 9: ஏ, கொக்கி வைத்த ஏ, ஈ, கொக்கி வைத்த ஈ, ஐ, ஓ, கோடு போட்ட ஓ, யூ, வொய். எண்ணினால் பூதச் சொல்லுக்கு 23 வந்தது. உண்மையில் 13. மீதி பத்தும் ஐ எழுத்து. போலிஷில் ஐ இரட்டை வேலை பார்க்கிறது: அடுத்து இன்னொரு உயிர் வந்தால் அது ஒலிக்கும் உயிரே இல்லை, முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கும் குறி மட்டும். அடுத்து மெய் வந்தாலோ சொல் முடிந்தாலோ முழு உயிர். ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன், "உயிருக்கு முன்னால் நிற்கும் ஐயை எண்ணாதே". உடனே 13:

ஜெ-வ்யெஞ்ச்-செத்-ஜெ-வ்யெஞ்-ஜெ-ஷெஞ்-சொ-ஜெ-வ்யெஞ்-சொ-[லெத்]-ஞி

இந்த ஒரு நிபந்தனை பட்டியலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரி செய்துவிட்டது. நான் பயந்திருந்த சொற்கள்கூடத் தப்பித்தன. "பல பெயருள்ள" என்பதில் ஓவும் ஐயும் ஒட்டி நிற்கும், ஆனால் அந்த ஐக்கு அடுத்து மெய், அதனால் எண்ணப்படும்: வ்யெ-லொ-இ-[ம்யென்]-நி. இந்த ஐ கணக்கில் தவறிப் போனது ஒன்றுதான், பஞ்சு மெத்தைச் சமாசாரமான பாலியூரித்தேனின் பெயரடை. அங்கே "பொலி" என்ற முன்னொட்டின் ஐக்கு அடுத்து யூ வருகிறது, நிரல் ஐயை விழுங்கி ஏழு அசையை ஆறாக்கிவிட்டது. அதை விதிவிலக்குப் பட்டியலில் கையால் எழுதிப் போட்டேன்.

இங்கேயே நின்றிருக்க வேண்டும். நான் ஏ-யூ, ஈ-யூ ஜோடிகளுக்குள் இறங்கினேன்.

கடன் சொற்களில் இந்த ஜோடி பெரும்பாலும் ஒரே அசை. "ஐரோப்பா" என்பது எவ்-[ரொ]-ப, மூன்று. ஆனால் போலிஷின் சொந்தச் சொற்களில், முன்னொட்டு முடிந்து வேர் தொடங்கும் இடத்தில் வந்தால் இரண்டு தனி அசை. "அறிவியல்" அப்படித்தான்: ந-[உ]-க. (பேச்சில் தலையில் அழுத்தி [நவ்]-க என்பவர்களும் உண்டு, அது வேறு கதை.) ஆகவே "மக்கள் அறிவியல்சார்" என்பது பொ-பு-லர்-நொ-ந-உ-[கொ]-வி, எட்டு. "மத்திய ஐரோப்பிய" என்பது ஷ்ரொத்-கொ-வொ-எவ்-ரொ-[பெய்]-ஸ்கி, ஏழு. இந்த இரண்டாவதில் ஓ, ஈ, யூ மூன்று உயிரும் வரிசையாக நிற்கும். நிரல் எந்த இரண்டைச் சேர்க்க வேண்டும்? முதலில் அது மூன்றையும் தனித்தனியாக எண்ணி எட்டு என்றது. ஈ-யூவை ஒன்றாக்கினேன், "அருங்காட்சியகம்" என்ற சொல் உடைந்தது, அதில் ஈ-யூ தனித்தனி: மு-[ஸெ]-உம். முன்னொட்டுப் பட்டியல் எழுதினேன், வேர்ப் பட்டியல் எழுதினேன். நிரலில் பாதி இந்த ஜோடிகளுக்கே போனது.

அதற்கப்புறம்தான் திரும்பப் பார்த்தேன். இத்தனை தகராறும் சொல்லின் இடது பக்கத்தில். அழுத்தம் எண்ணப்படுவதோ வலது ஓரத்திலிருந்து. எட்டு அசையை ஏழு என்று நிரல் தப்பாகச் சொன்னாலும் அழுத்தம் அதே [கொ]வில்தான் விழும், ஏனென்றால் பெயரடையின் கடைசி இரண்டு அசைக்குள் என் பட்டியலில் ஒரு சொல்லுக்கும் இந்த ஜோடி வரவில்லை. பாலியூரித்தேனும் அப்படியே. பட்டையின் நீளம் 2 செ.மீ. குறைந்திருக்கும், அவ்வளவுதான் நஷ்டம். அழுத்தம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம், ஐ நிபந்தனை ஒன்றே போதும்.

அதே மாதிரி மெய்க்கூட்டத்தை எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு மாலை போனது. "சகோதரி" என்ற சொல்லை ஷொ-ஸ்த்ர, ஷொஸ்-த்ர, ஷொஸ்த்-ர என்று மூன்று விதமாகவும் வெட்டலாம், மூன்றும் சரி என்கிறது போலிஷ் எழுத்திலக்கணம். எனக்கு அது பெரிய விடுதலை. வெட்டு எங்கே விழுந்தாலும் உயிர்களின் எண்ணிக்கை மாறாது. கவனம் வேண்டியது இரண்டு சொற்கள் சேரும் மூட்டில் மட்டும், அங்கே மூட்டிலேயே வெட்ட வேண்டும். "மத்தியதரைக் கடல்சார்" இதற்கு நல்ல பொறி. அது "நடு" என்ற ஷ்ருத்தும் "நிலம்" என்ற வேரும் "கடல்" என்ற வேரும் சேர்ந்தது, ஷ்ருத்-ஸ்யெம்-நொ-[மொர்]-ஸ்கி. ஷ்ருத்தின் கடைசி எழுத்து டி, நிலத்தின் முதல் எழுத்து இஸட், பக்கத்துப் பக்கத்தில். டி-இஸட் சேர்ந்தால் போலிஷில் அது தனி ஒலிக்கான கூட்டெழுத்து என்று நிரலுக்குச் சொல்லி வைத்திருந்தேன், அது விசுவாசமாக ஷ்ரு-ஜெம் என்று வெட்டிக் கொடுத்தது. அட்டையை அப்படியே அச்சடித்து, படித்துக் காட்டியபோது பக்கத்து வீட்டு அம்மா புருவத்தைத் தூக்கினார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்த வேலையில் பாதி அவருடையது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் "பனி" என்று மரியாதையாகக் கூப்பிடுவேன், அவர் என்னை "பஞெ இன்ஷிஞெஷெ" என்பார், இன்ஜினியர் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்டல் இல்லை, அந்தத் தலைமுறையில் படிப்புப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். இலக்கணக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார், சொல்லிக் காட்டுவார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

மூட்டைக் கண்டுபிடிக்க நிரலுக்குக் கொடுத்த முதல் வழி வெறும் முட்டாள்தனம். கூட்டுச் சொல்லின் முதல் பாதி பெரும்பாலும் ஓவில் முடியும், ஆகவே ஓவுக்குப் பின் வெட்டு என்றேன். "மக்கள் அறிவியல்சார்" சொல்லில் பொவுக்குப் பின் ஒரு வெட்டு, நொவுக்குப் பின் ஒன்று, கொவுக்குப் பின் ஒன்று. கறிவேப்பிலை நறுக்கிய மாதிரி ஆனது. கடைசியில் முதற்பாதிகளின் பட்டியலையே கையால் எழுதினேன்: மேற்கு, தெற்கு, நடு, கீழ், சிறு, பெரு, எண்கள். எண்களுக்கு இது சுலபம், வடிவங்கள் நிலையானவை. ஐந்து முதல் பத்து வரை சொ, மியொ என்று முடியும் வடிவங்கள், பதினொன்று முதல் பத்தொன்பது வரையும், இருபது, முப்பது, நாற்பதும் "ஸ்தொ"வில் முடியும், நூறு "ஸ்து" ஆகும், ஐந்நூறிலிருந்து மேலே உள்ள நூறுகள் மாறாமல் "செத்" என்றே நிற்கும். "இருபத்தைந்து வயதான" அப்படித்தான் ட்வு-ஜெஸ்-தொ, ப்யெஞ்-சொ, [லெத்]-ஞி என்று மூன்று துண்டாக அழகாக விழுந்தது.

சில சொற்களில் போலிஷ்காரர்களே மூட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சம அந்தஸ்துள்ள இரண்டு பாதி என்றால் நடுவில் சிறுகோடு: "வெள்ளை-சிவப்பு", "போலிஷ்-ஜெர்மன்", "வட-கிழக்கு". முதல் பாதி இரண்டாவதற்கு அடைமொழி என்றால் கோடு கிடையாது: "வெளிர்பச்சை", "மத்திய ஐரோப்பிய". கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதன்மை அழுத்தம் மொத்தச் சொல்லுக்கும் கடைசிக்கு முந்தைய அசைதான்.

இன்னொரு குழியும் சொல்ல வேண்டும், இது முழுக்கக் கணினிச் சமாசாரம். பட்டியலின் ஒரு பகுதியைப் பிடிஎஃப் ஒன்றிலிருந்து ஒட்டினேன். கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது, ஆனால் அதில் மேற்கோடு வைத்த எழுத்துகள் எழுத்து தனி, கோடு தனி என்று இரண்டு குறியீடாக இருந்தன. உயிர் எண்ணிக்கை தப்பவில்லை. கூட்டெழுத்து தேடல்தான் கவிழ்ந்தது. அச்சில் ஒரு கோடு தன் எழுத்தை விட்டு அடுத்த கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. படிக்கும்போதே யூனிகோடு வடிவத்தை ஒன்றாக்கும் வரியை நிரலின் முதலில் போடுங்கள். நம் ஊர் "கொ", "கோ" கொம்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

இனி அட்டை. அசைக்கு 2 செ.மீ. என்று முடிவு செய்தது பூதத்தை வைத்துத்தான். 13 அசை, 26 செ.மீ., ஏ4 தாளின் நீளம் 29.7. "ஃப்ஸ்ஹொட்" மாதிரி லத்தீனில் ஆறு எழுத்து நெருக்கும் அசையும் 14 புள்ளி எழுத்தில் 2 செ.மீ.க்குள் அடங்கியது. பட்டை உயரம் 3 செ.மீ. மூட்டு வரும் இடத்தில் கட்டத்துக்கு இரட்டைக் கோடு, மற்ற எல்லைகளுக்கு ஒற்றைப் புள்ளிக் கோடு. அழுத்தம் விழும் கட்டத்தைச் சாம்பல் நிறத்தில் நிரப்பினேன்.

இந்தச் சாம்பல் கட்டம்தான் மொத்தத் தொகுப்பையும் குப்பைக்கு அனுப்பியது. ஏனென்றால் பெயரடை வேற்றுமை ஏற்கும். வர்-மிஞ்-ஸ்கொ-ம-[ஸுர்]-ஸ்கி என்று அட்டையில் படித்துப் பழகிவிட்டு, வாக்கியத்தில் ஆறாம் வேற்றுமையில் சொல்லும்போதும் ஸுர் மேலேயே அழுத்தினேன். அம்மா பொறுமையாகத் திருத்தினார்: ம-ஸுர்-[ஸ்க்யே]-கொ. விகுதி ஒரு அசை நீண்டது, அழுத்தமும் ஒரு படி வலப்பக்கம் நகர்ந்தது. அதோடு முதல் வடிவத்தில் முழு உயிராக ஒலித்த ஐ, இரண்டாவதில் வெறும் மென்மைக் குறியாகிவிட்டது. நிரலுக்கு இது முன்னமே தெரியும், அட்டைக்குத்தான் தெரியாது.

அப்போதுதான் வாலை வெட்டினேன். கடைசி அசையைப் பட்டையிலிருந்து கத்தரித்து, விகுதிகளைத் தனித்தனித் துண்டாக அச்சடித்தேன். ஸ்கி குடும்பத்துக்கு 11 வடிவம்: ஸ்கி, ஸ்க்யேகொ, ஸ்க்யேமு, ஸ்கிம், ஸ்க, ஸ்க்யேய், ஸ்கொன், ஸ்க்யே, ஸ்த்ஸி, ஸ்கிஹ், ஸ்கிமி. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தால் இரண்டு அசை உள்ளவை மூன்றே மூன்று: ஸ்க்யேகொ, ஸ்க்யேமு, ஸ்கிமி. மற்ற எட்டும் ஓரசை. நி, வி, ஞி என்று முடியும் குடும்பங்களிலும் அதே கதை. ஞி குடும்பத்தில் இரண்டு வடிவம் ஒரே எழுத்தில் வருவதால் பத்துத் துண்டு, மொத்தம் நான்கு குடும்பத்துக்கு 43 வால், அதில் ஈரசை 12. அந்தப் பன்னிரண்டையும் சிவப்பு அட்டையில் அச்சடித்தேன்.

இதன் பிறகு சாம்பல் கட்டமே தேவைப்படவில்லை. சிவப்பு வால் தன் அழுத்தத்தைத் தானே சுமக்கிறது, வெள்ளை வால் அதை இடப்பக்கம் ஒட்டியிருக்கும் அசைக்குத் தள்ளிவிடுகிறது. பட்டை நான்கு அசையோ பதின்மூன்று அசையோ, கணக்கு ஒன்றே. கண் வாலை மட்டும் பார்த்தால் போதும், வாயும் மெதுவாகப் பழகிவிட்டது. பூதத்துக்குச் சிவப்பு வால் மாட்டினால் 14 அசை, 28 செ.மீ. அதை ஒரே துண்டாகவும் அடித்துப் பார்த்தேன். அச்சுப்பொறி இரண்டு பக்கமும் 5 மில்லி விடும், ஏழு மில்லி மிச்சத்தில் தப்பித்தது.

பெயரடையோடு நின்றதும் நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். பெயர்ச்சொல்லில் "கணிதம்" மாதிரிக் கடன் சொற்கள் விதியை மீறி ஒரு அசை முன்னால் அழுத்தும், ம-தெ-[ம]-தி-க. ஆனால் அதிலிருந்து பிறந்த பெயரடை ஒழுங்காக ம-தெ-ம-[திச்]-நி என்று வந்துவிடுகிறது. வினையில் "நாங்கள் செய்தோம்" போன்ற வடிவங்களும் விதியை மீறும். அவற்றை எல்லாம் இந்த அட்டைக்குள் இழுத்திருந்தால் இன்னும் முடித்திருக்க மாட்டேன்.

மீதி இருந்தது சொல்லின் இடது பக்கம். பதின்மூன்று அசையில் ஒரே ஒரு தட்டு என்றால் முதல் பதினொன்றைத் தட்டையாக ஓட்டுவதா? கேட்டால் அப்படி இல்லை, நடுவிலும் சின்னச் சின்ன மேடுகள் கேட்கின்றன. அளந்து பார்க்கலாம் என்று பழைய மைக் ஒன்று வாங்கி, அம்மாவைப் படிக்கச் சொல்லி, 44.1 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் பதிவு செய்து, ப்ராட்டில் திறந்தேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஒலியியல்காரர்கள் எழுதிய இலவச மென்பொருள் அது, அசையின் நீளம், சுருதி, உரப்பு மூன்றையும் கோடாகக் காட்டும். பெண் குரலுக்குச் சுருதி எல்லையை 100 முதல் 500 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள், இல்லாவிட்டால் கோடு திடீர் திடீரென்று பாதிக்கு இறங்கும்.

முதல் பதிவு மொத்தமும் வீண். சொற்களைப் பட்டியலாகக் கொடுத்தேன், அவரும் பட்டியலாகவே படித்தார். ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் "இன்னும் இருக்கிறது" என்று குரல் ஏறியது, கடைசிச் சொல்லில் இறங்கியது. நான் அளந்தது சொல் அழுத்தத்தை இல்லை, பட்டியல் படிக்கும் ராகத்தை. இதற்கு மருந்து பழையதுதான், எல்லாச் சொல்லையும் ஒரே வாக்கியத்தின் நடுவில் வைப்பது. "அவள் ______ என்று இரண்டு முறை சொன்னாள்" என்பதன் போலிஷ் வடிவத்தை எடுத்துக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு, "999 வயதான" சொல்லை யார் இரண்டு முறை சொல்வார்கள் என்று.

இந்த முறை படம் கொஞ்சம் தெளிந்தது. நான் தேடியது உரப்பை, அது உதவவில்லை, பல இடத்தில் அழுத்தம் விழும் அசை பக்கத்து அசையைவிடச் சத்தமாகவே இல்லை. சுருதிதான் ஏறி இறங்கிக் காட்டிக்கொடுத்தது. நடு மேடுகளும் தெரிந்தன, பெரும்பாலும் மூட்டுக்கு முந்தைய பாதி தனிச் சொல்லாக இருந்தால் அழுத்தம் எங்கே விழுமோ அங்கே. வளை அடைப்பில் போடுகிறேன்: பொ-வுட்-(ஞொ)-வொ-ஸ-[ஹொட்]-ஞி. இதுதான் அந்தத் தென்மேற்கு. பூதத்தில் நூறு, பத்து, ஒன்று, வயது என்று நான்கு மூச்சாகப் பிரித்தே படித்தார். வேகமாகப் படித்தால் சில மேடுகள் காணாமல் போய், சொல்லின் முதல் அசையில் ஒரு மேடு முளைக்கிறது. ஒரே ஒருவரின் குரல், ஒரு சமையலறை, பின்னால் குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரம், இதை வைத்துப் பெரிய முடிவெல்லாம் எடுக்க முடியாது. எனக்கு வேண்டியது பட்டையில் எங்கே மூச்சு விடலாம் என்பது, அதற்கு இரட்டைக் கோடு போட்ட மூட்டுகளே போதும் என்று தெரிந்தது. அட்டையில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

பழகும் முறையும் இதோடு மாறியது. முன்பு இடமிருந்து வலம் படித்துப் பாதியில் மூச்சு முட்டி நிற்பேன். இப்போது வாலிலிருந்து தொடங்குகிறேன். முதலில் [லெத்]-ஞி மட்டும். அப்புறம் அதற்கு முந்தைய மூட்டு வரை சேர்த்து, அப்புறம் அதற்கும் முந்தையது. மீதிப் பட்டையைக் கையால் மூடிக்கொள்ளலாம். சொல் இடப்பக்கம் வளரும், அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். பட்டையாக வெட்டியதற்கு இதுதான் உண்மையான பலன், கைபேசித் திரையில் இதே சொற்களைப் பார்த்தபோது இது கைவரவில்லை.

செலவு: அட்டைக் கட்டு 14 ஸ்வொட்டி (போலந்து நாணயம்), க்ஸெரோ கடையில் அச்சு 12, கட்டரும் இரும்பு ஸ்கேலும் 31, வால் மாட்ட வெல்க்ரோ பொட்டுகள் 11, பழைய மைக் 95, அம்மாவுக்கு ப்தாஷ்யே ம்லெச்கோ சாக்லேட் பெட்டி 24. மொத்தம் 187. மைக்கை விட்டால் 92, விடலாம் என்பது என் கருத்து. சாக்லேட்டை விடக் கூடாது.

அடுத்த முறை மாற்றப் போவது வெல்க்ரோ. யூ பின் அட்டையைக் கிழித்ததால் அதற்குப் போனேன், ஆனால் பொட்டு தடிமன், பட்டைகளை அடுக்கினால் ஒரு பக்கம் மேடாகிச் சரிகிறது. பின்பக்கம் ஒட்டும் மெல்லிய காந்தப் பட்டை வாங்கிக் குளிர்பதனப் பெட்டிக் கதவிலேயே மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். அசை அகலத்தையும் 2 செ.மீ.யிலிருந்து 1.8 ஆக்கினால் ஓரம் நிம்மதியாக இருக்கும். "செக்கோஸ்லோவாக்கிய" மாதிரி த்ஸ்கியில் முடியும் குடும்பத்துக்கு இன்னும் வால் அச்சடிக்கவில்லை, அதில் 11, மூன்று சிவப்பு. நிரலில் ஏ-யூ, ஈ-யூ பகுதியை அழிக்கவில்லை, எழுதிய பாவத்துக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.